99 ரூபாய்த் தட்டும் 141 ரூபாய்த் தபாலும்: ஒரு கொருக்குப்பேட்டை வீட்டின் இணைய ஏலக் கணக்கு

சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். வடசென்னையில் வீட்டிலிருந்தே இணையத்தில் விற்பவர்கள் இப்போது அதிகம். அவர்களில் பலர் மாதக் கடைசியில் கேட்பது ஒரே கேள்விதான்: "வித்தது இவ்வளவு, கையில வந்தது ஏன் இவ்வளவு கம்மி?" பழைய இசைத்தட்டுகளை இணைய ஏலத்தில் விற்ற ஒரு வீட்டில் அந்தக் கேள்விக்கு விடை தேடிய விவரம் இது. விற்றவர்கள் சம்மதித்ததால் எழுதுகிறேன். பெயர், தெரு, அவர்கள் விற்ற தளம் எதையும் குறிப்பிடவில்லை.

பின்னணி

பெரியவருக்கு எழுபதை நெருங்கும் வயது. கொருக்குப்பேட்டையில் நெடுங்காலம் மைக் செட் கடை வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, ஆடி மாதம் கூழ் ஊற்றும் கோயில், கட்சிக் கூட்டம் என்று அந்தப் பக்கத்து விசேஷம் எதுவானாலும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான் கட்டுவார்கள். கேசட் வந்த பிறகும் ரெக்கார்டுகளை அவர் தூக்கிப் போடவில்லை. எச்.எம்.வி., இன்ரெக்கோ, எக்கோ என்று சுமார் 700 இசைத்தட்டுகள் சேர்ந்திருந்தன. 33 சுற்று எல்.பி.க்களை அவர் பெரிய தட்டு என்பார், 45 சுற்று இ.பி.க்களைச் சின்னத் தட்டு என்பார். அவருடைய அப்பா காலத்து 78 சுற்று அரக்குத் தட்டுகளும் கொஞ்சம் இருந்தன.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. இரும்பு ரேக்கின் அடி வரிசை நனைந்தது. தட்டுகளைத் துடைத்து எடுத்துவிட்டார்கள், ஆனால் அட்டை உறைகள் ஊறிப்போய்ப் பூஞ்சை பிடித்தன. இன்னொரு மழைக்கு இவை தாங்காது என்று பெரியவரே விற்கச் சொன்னார். மூர் மார்க்கெட் பக்கம் கேட்டதில் மொத்தமாக, எடைக்கு எடுப்பது போல ஒரு விலை சொன்னார்கள். அது அவருக்கு மனம் ஒப்பவில்லை. அவருடைய தங்கை மகள் தண்டையார்பேட்டையில் இருக்கிறார், கைபேசியில் வாங்குவதும் விற்பதும் பழகியவர். 2024 தொடக்கத்தில் பழம்பொருள் சேகரிப்பவர்கள் கூடும் ஓர் ஏலத் தளத்தில் கணக்குத் தொடங்கி ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தார்.

முதல் மூன்று மாதம்

அவர் வைத்த முறை எளிமையானது. எந்தத் தட்டானாலும் ஏலம் 99 ரூபாயில் தொடங்கும். இந்தியாவில் எங்கே அனுப்பினாலும் தபாலுக்கு 80 ரூபாய். குறைவாகத் தொடங்கினால் நிறையப் பேர் வருவார்கள் என்ற எண்ணம் தவறில்லை, ஆட்கள் வந்தார்கள். மூன்று மாதத்தில் 96 பார்சல்கள் போயின. ஏலத்தில் படிந்த விலை மட்டும் 15,840 ரூபாய், தபாலுக்கென்று வாங்குபவர்கள் கட்டியது 7,680 ரூபாய். மொத்தம் 23,520. பெரியவரிடம் அவர் கொண்டுபோய்க் கொடுத்ததோ 6,750 ரூபாய்.

"இன்னாம்மா இது, பாதி கூட வரலியே?"

"திருட்டெல்லாம் இல்ல மாமா. வித்த காசு நம்ம கைக்கு வர்றதுக்குள்ள நாலு இடத்துல இறங்கி ஏறுது. எங்கன்னு எனக்கே புரியல."

அதன் பிறகுதான் ரசீதுகள் அடங்கிய ஒரு பிளாஸ்டிக் கவருடன் இருவரும் என்னிடம் வந்தார்கள். அந்தப் பெண் ஒரு ரசீதைக்கூட விட்டுவைக்கவில்லை. ஸ்பீடு போஸ்ட் சீட்டுகளைத் தேதி வாரியாகக் குத்தி வைத்திருந்தார். அது இல்லாவிட்டால் இந்தக் கணக்கைப் பிரித்திருக்கவே முடியாது.

கவனித்தவை

தளம் பிடித்த கமிஷன் 10 சதவீதம். பணம் வசூலித்துத் தரும் கட்டணம் 2 சதவீதம். இரண்டுக்கும் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆக நூறு ரூபாய்க்கு 14 ரூபாய் 16 காசு போகிறது. இது வரை அவருக்கும் தெரியும். அவர் கவனிக்காதது, அந்த நூறு ரூபாய் எது என்பதை. கமிஷன் தட்டின் விலைக்கு மட்டுமல்ல, வாங்குபவர் கட்டும் தபால் பணத்தையும் சேர்த்த மொத்தத் தொகைக்கு. தபால் நிலையத்துக்கு அப்படியே போகவேண்டிய 80 ரூபாயிலும் 11 ரூபாய்க்கு மேல் தளம் எடுத்துக்கொள்கிறது.

இது இந்த ஒரு தளத்தின் வழக்கம் இல்லை. இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1995-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஈபே தளத்தில் பல ஆண்டுகள் பொருளின் விலைக்கு மட்டுமே கமிஷன் இருந்தது. அதனால் சிலர் பொருளுக்கு ஒரு சென்ட் விலை வைத்து, தபாலுக்கு இருபது டாலர் என்று போட்டார்கள். விற்பவருக்கு வரவேண்டியது வந்துவிடும், தளத்துக்குத்தான் ஒன்றும் கிடைக்காது. 2007-ல் விற்பவரை மதிப்பிடும்போது தபால் கட்டணம் நியாயமா என்பதற்கும் தனி நட்சத்திரம் கொடுக்க வழி செய்தார்கள். 2011 முதல் அமெரிக்காவில் தபால் தொகைக்கும் சேர்த்தே கமிஷன் என்று மாற்றினார்கள். தபாலுக்கு உண்மையான செலவை மட்டும் கேட்ட நேர்மையான விற்பனையாளர்கள்தான் இதில் அதிகம் நொந்தார்கள். அவர்களுடைய வருத்தம் நியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் விதி அதுவாக இருக்கும்வரை கணக்கை அதற்கேற்பத்தான் போடவேண்டும்.

இரண்டாவது ஓட்டை தபால் நிலையத்தில். அப்போது நடப்பில் இருந்த ஸ்பீடு போஸ்ட் கட்டணப்படி, 200 கிராமுக்கு மேல் 500 கிராம் வரை உள்ள பார்சலுக்கு, 200 கிலோமீட்டர் தாண்டி 1,000 கிலோமீட்டருக்குள் என்றால் 60 ரூபாய், 1,000 தாண்டி 2,000-க்குள் என்றால் 80 ரூபாய். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 500 கிராமுக்கும் முறையே 30, 40 ரூபாய் கூடும். எல்லாவற்றின் மேலும் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஒரு பெரிய தட்டும் அதன் உறையும் 220 கிராம் வரும். அட்டை, பபிள் ஷீட், டேப் எல்லாம் சேர்ந்ததும் அவருடைய பார்சல்கள் பெரும்பாலும் 510, 530, 560 கிராம் என்று வந்திருந்தன. கோயம்புத்தூருக்கு 500 கிராமுக்குள் 70 ரூபாய் 80 காசு, 501 கிராம் ஆனால் 106 ரூபாய் 20 காசு. அதே தட்டு மும்பைக்கு என்றால் 141 ரூபாய் 60 காசு.

ஒரு சீட்டை மட்டும் எடுத்துப் பார்ப்போம். ஒரே ஒருவர் ஏலம் கேட்டு 99 ரூபாய்க்கே எடுத்த எல்.பி., போன ஊர் மும்பை. வாங்கியவர் கட்டியது 179 ரூபாய். தளம் பிடித்தது போக வந்தது 153 ரூபாய் 65 காசு. தபால் 141.60. அட்டைக்கும் டேப்புக்கும் 28 ரூபாய். தட்டும் போய், கையிலிருந்து 16 ரூபாயும் போயிருக்கிறது. இப்படிப்பட்ட சீட்டுகள் அந்தக் கட்டில் ஒன்றிரண்டு அல்ல.

சின்னத் தட்டில் நிலைமை வேறு. இ.பி. ஒன்று பேக் செய்தாலும் 200 கிராமைத் தாண்டுவதில்லை. கோயம்புத்தூர், மதுரை, பெங்களூரு எல்லாவற்றுக்கும் 47 ரூபாய் 20 காசுதான். அதற்கும் 80 ரூபாய் வாங்கியிருந்தார். சின்னத் தட்டு வாங்கியவர்கள் அதிகமாகக் கட்டி, பெரிய தட்டு வாங்கியவர்களின் தபால் செலவைத் தாங்கியிருக்கிறார்கள். இதை அந்தப் பெண்ணிடம் காட்டியபோது, நஷ்டத்தைவிட இதுதான் அவருக்கு உறுத்தியது.

ஒரு வாரம் நடந்த பரிசோதனை

நான் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், பழைய கடிகாரம் விற்கும் நண்பர் ஒருவர் பெரியவருக்கு யோசனை சொல்லியிருக்கிறார்: "தட்டுக்கு ஒரு ரூபாய் போடு, தபாலுக்கு 180 போடு, கமிஷன் மிச்சம்." பெரியவருக்கு அது பிடித்துப்போய் ஒரு வாரம் அப்படியே போட வைத்தார்.

தளம் மொத்தத் தொகைக்குப் பிடிப்பதால் கமிஷனில் ஒரு காசு மிச்சமாகவில்லை. ஏலம் கேட்பவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். வந்தவர்களில் திருச்சிக்காரர் ஒருவர், பார்சலில் ஒட்டியிருந்த தபால் சீட்டில் 70 ரூபாய் என்று இருப்பதைப் படம் எடுத்துப் போட்டு, மீதி எங்கே என்று கேட்டு ஒற்றை நட்சத்திரம் கொடுத்தார். ஸ்பீடு போஸ்ட் பார்சலின் மேல் கட்டணம் அச்சாகி வருகிறது. அதை மறைக்க வழியில்லை, மறைக்கவும் கூடாது. அவருக்கு வித்தியாசத் தொகையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். மறுநாளே கொடுத்துவிட்டார்கள்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதலில் எடை. சமையலறையில் வைக்கும் டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கினார்கள். அந்தத் தராசின் முன்னால் நடந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் பெண் தட்டை உறையிலிருந்து உருவித் தனி பாலித்தீன் கவரில் போட்டு, உறைக்குப் பின்னால் வைக்கிறார். உள்ளேயே இருந்தால் வழியில் குலுங்கும்போது தட்டின் விளிம்பு உறையின் ஒட்டிய ஓரத்தைக் கிழித்துவிடுமாம், இது பெரியவர் சொல்லிக் கொடுத்தது. இரண்டு பக்கமும் நெளிவு அட்டை, ஒன்றின் வரி நெடுக்காகவும் மற்றதன் வரி குறுக்காகவும். அப்போதுதான் எந்தப் பக்கமும் மடங்காது. வெளியே இன்னொரு அட்டை மடிப்பு. தராசில் 523. வெளி மடிப்பில் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்த காதுகளை வெட்டினார். 506. நான்கு சுற்று ஓடிய பிரவுன் டேப்பைக் குறைத்து ஓரங்களுக்கு மட்டும் ஒட்டினார். 494. தட்டைக் காக்கும் அட்டையில் கை வைக்கவே இல்லை. அந்த 29 கிராமின் விலை, கோயம்புத்தூர் என்றால் 35 ரூபாய் 40 காசு. அதன் பிறகு ஆண்டர்சன் தெருவில் மெல்லிய, ஆனால் விறைப்பான நெளிவு அட்டையைத் தாளாக வாங்கி அளவுக்கு வெட்டிக்கொண்டார்கள்.

அடுத்து, மூன்று மூன்றாக விற்பது. மூன்று எல்.பி.க்கள் ஒரே கட்டில் 910 கிராம்தான் வருகின்றன. அதாவது 530 கிராம் உள்ள ஒற்றைத் தட்டுக்குக் கட்டிய அதே 106 ரூபாய் 20 காசு. தலா 150 ரூபாய்க்குத் தனித்தனியாகக் கோயம்புத்தூருக்கு விற்றபோது பழைய முறையில் ஒரு தட்டுக்கு 63 ரூபாய் கையில் நின்றது. மூன்றையும் ஒரு லாட்டாக 450-க்கு விற்று, தபாலுக்கு 106 வாங்கினால் தட்டுக்கு 112 ரூபாய் நிற்கிறது. வாங்குபவருக்கும் லாபம், மூன்று தட்டுக்கு அவர் தபாலாகக் கட்டியிருக்க வேண்டியது 240 ரூபாய். இதை விட்டால் இந்த வியாபாரத்தில் வேறு பெரிய சேமிப்பு இல்லை என்பது என் எண்ணம். தனித் தட்டு வேண்டும் என்பவர்கள் ஒரு வாரத்தில் எத்தனை ஏலம் எடுத்தாலும் ஒரே பார்சலாக அனுப்பி ஒரே தபால் கட்டணம் வாங்குவதாக அறிவிப்பிலும் எழுதினார்கள்.

தபால் கட்டணத்தை ஊருக்கு ஒன்றாக மாற்றினார்கள். பின்கோடு கேட்டு, தூரம் பார்த்து, உள்ள தொகை. பேக்கிங் செலவைத் தபாலுக்குள் ஒளிக்காமல் தொடக்க விலையில் சேர்த்தார்கள். தொடக்க விலையைக் கீழிருந்து போட்டார்கள்: இந்தத் தட்டு ஒரே ஆள் கேட்டுப் போனால் குறைந்தது 70 ரூபாய் கையில் நிற்கவேண்டும், பேக்கிங் 28, இரண்டும் 98, இதற்கு மேல் தளம் பிடிப்பது. தபால் 70 ரூபாய் என்று வைத்தால் தொடக்க விலை 126-க்குக் கீழே போகக்கூடாது. 130 என்று வைத்தார்கள். "தபால் இலவசம்" என்று போடலாமா என்று அந்தப் பெண் கேட்டார். நிலையான விலைக்கு விற்கும் பொருளுக்கு அது பொருந்தும். ஏலத்தில் கடைசி விலை எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது, தபால் செலவோ முன்கூட்டியே தெரிந்த ஒன்று. தெரியாத தொகையிலிருந்து தெரிந்த செலவைக் கொடுப்பதாக ஒப்புக்கொள்ள வேண்டாம் என்றேன்.

இன்னொரு விஷயத்தில்தான் வாக்குவாதம் நடந்தது. பெங்களூருக்காரர் ஒருவர், ஏலத்தை நிறுத்திவிட்டு ஜி-பேயில் நேரே பணம் அனுப்புகிறேன், கமிஷனைப் பாதிப் பாதி பிரித்துக்கொள்ளலாம் என்று செய்தி அனுப்பினார். பெரியவர் சம்மதித்துவிட்டார், அந்தக் காலத்தில் எல்லாம் கைக்குக் கைதானே என்பது அவர் நியாயம். தங்கை மகள் மறுத்தார். நானும் அவர் பக்கம்தான். ஆளைக் கொண்டுவந்து சேர்த்தது தளம், அதன் கூலியைக் கொடுக்காமல் விடுவது சரியில்லை. கண்டுபிடித்தால் கணக்கை முடக்குவார்கள். பார்சல் உடைந்தாலோ பணம் வராவிட்டாலோ கேட்க ஒரு நாதி இருக்காது. கடைசியில் பெரியவர் விட்டுக்கொடுத்தார். அந்த பெங்களூருக்காரரே ஏலத்தில் கேட்டு வாங்கினார்.

78 சுற்றுத் தட்டுகளைத் தபாலில் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். கொல்கத்தாவுக்குப் போன ஒரு தட்டு இரண்டாகப் பிளந்து போய்ச் சேர்ந்தது. அது 650 ரூபாய்க்கு விற்றது. அப்போதைய விதிப்படி ஸ்பீடு போஸ்ட்டில் பொருள் சேதமானால் நஷ்ட ஈடு, கட்டிய கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. அதாவது இருநூற்றுச் சில்லறை. வாங்கியவருக்கு முழுப் பணத்தையும் திருப்பினார்கள். அரக்குத் தட்டு கண்ணாடி மாதிரி, அதைத் தக்கபடி பேக் செய்தால் எடை ஒரு கிலோவுக்குப் போய்விடுகிறது.

பின் நடந்தது

புதிய முறையில் அடுத்து வந்த மூன்று மாதக் கணக்கு: பார்சல்கள் 41, அவற்றில் போன தட்டுகள் 98. படிந்த விலை 17,150 ரூபாய். தபாலுக்கு வாங்கியது 4,510, செலவானது 4,620. தளம் பிடித்தது 3,067. பேக்கிங் 1,435. கையில் நின்றது 12,538 ரூபாய். படிந்த விலையில் முன்பு ரூபாய்க்கு 43 காசு நின்ற இடத்தில் இப்போது 73 காசு நிற்கிறது. தண்டையார்பேட்டை தபால் நிலையக் கவுன்டரில் வரிசையில் நிற்கும் வேலையும் பாதிக்கு மேல் குறைந்தது. பார்சலைக் கட்டுவதும் சுமப்பதும் அந்தப் பெண்தான், அதனால் இதையும் லாபக் கணக்கில்தான் சேர்க்கவேண்டும்.

எல்லாம் சரியாகவே நடந்துவிடவில்லை. லாட் கட்டும்போது அரிதான ஓர் எல்.பி. இரண்டு சாதாரணத் தட்டுகளோடு சேர்ந்து 520 ரூபாய்க்குப் போய்விட்டது. வாங்கியவர் பின்னர் பாராட்டி எழுதிய வரியிலிருந்துதான் அவர் தேடியது அந்த ஒன்றையே என்று தெரிந்தது. தனியாகப் போட்டிருந்தால் அதுவே அதற்கு மேல் போயிருக்கும் என்று பெரியவர் இன்னும் ஆற்றாமையோடு சொல்கிறார். சேர்த்து அனுப்பும் சலுகையைப் பயன்படுத்திக்கொண்டு வாரக்கணக்கில் பணம் கட்டாமல் இழுத்தவர்களும் உண்டு. ஒரு தட்டு மட்டும் போதும் என்பவர்கள் சிலர் 130 என்ற தொடக்க விலையைப் பார்த்து விலகினார்கள். விலகட்டும் என்று விட்டதுதான் சரி. அவர்களுக்கு விற்று நஷ்டப்பட்டதைத்தான் முதல் மூன்று மாதம் பார்த்தோமே.

இனி மாற வேண்டியவை

லாட் கட்டுவதற்கு முன் பெரியவர் ஒவ்வொரு தட்டையும் பார்த்து, தனியாகப் போகவேண்டியதைப் பிரித்து வைக்கவேண்டும். எந்தத் தட்டை எவ்வளவு பேர் தேடி வந்து கேட்டார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். சேர்த்து அனுப்புவதற்கான கெடு ஏழு நாள் என்று அறிவிப்பிலேயே இருக்கவேண்டும், அதற்குள் பணம் வராவிட்டால் தட்டு அடுத்தவருக்கு.

தபால் கட்டண அட்டவணையை அந்தப் பெண் ஒரு நோட்டில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். 2025 செப்டம்பர் 1 முதல் உள்நாட்டுப் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டது. அக்டோபர் 1 முதல் ஸ்பீடு போஸ்ட் கட்டணமும் தூரப் பிரிவும் மாறின. முன்பு 201 முதல் 1,000 கிலோமீட்டர் வரை ஒரே பிரிவாக இருந்தது, இப்போது 500 கிலோமீட்டரில் ஒரு கோடு விழுகிறது. ஆகவே நான் இங்கே எழுதியிருக்கும் ரூபாய்க் கணக்கை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், போடும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் புதிய கட்டணத்தைக் கவுன்டரில் கேட்டு எழுதி, தொடக்க விலைகளையும் திருத்திவிட்டார்கள். நோட்டின் தலைப்பில் தேதி போடும் வழக்கமும் அப்போதுதான் வந்தது.

மீதம் இருக்கும் 78 சுற்றுத் தட்டுகளைத் தளத்தில் போட்டு, சென்னையில் இருப்பவர்கள் பணத்தைத் தளத்திலேயே கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து எடுத்துச் செல்லலாம் என்று வைத்திருக்கிறார்கள். தபால் கட்டணம் இல்லை, ஆகவே அதன் மேல் கமிஷனும் இல்லை. வருபவர்களுக்குப் பெரியவர் தட்டைப் போட்டுக் காட்டித்தான் கொடுக்கிறார்.